இறக்கமில்லாத லீக்

பொங்கலையொட்டிக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்கென்று எங்கள் பழையசீவரத்துக்கு எழுந்தருளி, ஆற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் போய்த் திரும்புகிற அந்த நாட்களில், பாலாற்றின் இரு கரையிலுமுள்ள ஊர்களில் கபடிப் பந்தயம் நடப்பது வழக்கம். அதில் கலந்துகொள்ளுவதற்கு வேண்டிய யோக்கியதை அதிகமில்லை. நுழைவுக் கட்டணத்தைக் கட்டிவிட்டு, ஒரே நிறத்துப் பனியனில் ஏழு பேரைக் களத்தில் நிறுத்த முடிந்தால் போதும். மண்ணைக் கொத்திக் கிளறி, ஆற்று மணலை மேலே பரப்பி, சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு முடித்த பிறகு, மைக்கைப் பிடித்திருப்பவர் கூட்டத்திலிருந்து ஒரு சின்னப் பையனைக் கூப்பிட்டு, அணிகளின் பெயரெழுதிய துண்டுச் சீட்டுகள் கிடக்கும் எவர்சில்வர் குடத்துக்குள் கையை விடச் சொல்லுகிறார். யாரோடு யார் மோதுவது என்பதை அந்தப் பிஞ்சுக் கைதான் தீர்மானிக்கிறது. போன வருஷம் கோப்பையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போன அணியின் சீட்டும், போன வருஷம் முதல் ஆட்டத்திலேயே தோற்று மத்தியானச் சாப்பாட்டுக்குள் வீடு திரும்பிய அணியின் சீட்டும், அந்தக் குடத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடக்கின்றன.

அதே ஊரின் டீக்கடைத் தொலைக்காட்சியில் புரோ கபடி பார்க்கிறபோது வேறொரு உலகம் தெரிகிறது. நம் மொழியின் பெயரைத் தாங்கிய தமிழ் தலைவாஸ் அணி 2017-இல் அந்த லீக்கில் பிரவேசித்து, முதல் இரண்டு பருவங்களிலும் தன் பிரிவில் கடைசியாக நின்று, 2019-இல் பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக முடித்தது. மூன்று பருவம் இப்படித் தேர்வில் தவறிய மாணவனை எந்தப் பள்ளிக்கூடமும் அழைத்துப் பேசியிருக்கும். இந்த அணியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த லீக்குக்குக் கீழே படி என்று ஒன்று இல்லை, ஆகவே விழுவதற்கு இடமும் இல்லை. உள்ளே இடம் பெறுவது ஆட்டத்தினால் நிகழ்ந்த காரியமன்று, உரிமையை விலை கொடுத்து வாங்கியதனால் நிகழ்ந்தது.

கீழே விழ இடமிருக்க வேண்டுமா, மேலே ஏறப் படியிருக்க வேண்டுமா என்ற இந்த வினா இன்றைக்கு ரக்பி உலகத்தில், அதிலும் அந்த ஆட்டம் பிறந்த இங்கிலாந்தில், மிகவும் சூடாக விவாதிக்கப்படுகிறது. லீக்கின் கடைசி அணி அடுத்த பருவத்தில் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவதும், கீழ்ப் பிரிவின் முதல் அணி மேலே ஏறுவதுமாகிய நெடுநாளைய சம்பிரதாயத்தை எடுத்துவிட்டு, மேல் லீக்கை நிலையான சில கழகங்களின் சபையாக ஆக்கிவிட வேண்டும் என்பது ஒரு சாரார் அபிப்பிராயம். ரக்பி நமக்கு அந்நியமான ஆட்டமாயிற்றே என்று வாசகர் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. 2025 ஜூன் மாதம் மும்பையில் முதன்முதலாக நடந்த ரக்பி பிரீமியர் லீக்கில் ஆறு அணிகள் ஆடியதும், இறுதி ஆட்டத்தில் சென்னை புல்ஸ் என்ற அணி டெல்லியை 41-0 என்று வென்று கோப்பையைக் கொண்டுபோனதும் உண்மை. அந்தச் செய்தி எங்கள் ஊருக்கு வந்து சேரவேயில்லை என்பதும் உண்மை. அந்த லீக்கும் ஏற்றமோ இறக்கமோ இல்லாத, உரிமை விற்று நடத்தப்படும் லீக்தான். எனினும் நம் நாட்டில் இந்த வழக்கின் இரு பக்கமும் தெளிவாகத் தெரிவது கால்பந்தில். அங்கே போகுமுன் இங்கிலாந்தின் நியாயத்தை ஒரு முறை கேட்டுவிடுவது தர்மம்.

இங்கிலாந்தின் ரக்பிக் கழகங்கள் 1987-இல் லீக் முறைக்கு வந்தன. 1995-இல் அந்த ஆட்டம் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டமாயிற்று. அதற்குப் பிறகு அங்கே நடந்த கதை, வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பத்தின் கதை. ஐரோப்பியக் கோப்பையை இரண்டு முறை வென்ற வாஸ்ப்ஸ் கழகமும் ஊஸ்டர் கழகமும் 2022-இல் கடனில் மூழ்கின. மறு வருஷம் லண்டன் ஐரிஷ் அவற்றைப் பின்தொடர்ந்தது. பதின்மூன்று கழகங்களோடு தொடங்கிய பருவத்துக்கு அடுத்த பருவத்தில் பத்துக் கழகங்களே எஞ்சின. இறக்கத்தை எடுத்துவிட வேண்டும் என்பவர்கள் இந்தச் சாம்பலைக் காட்டித்தான் பேசுகிறார்கள். கீழே விழுந்தால் தொலைக்காட்சிப் பணமும் விளம்பரப் பணமும் ஒரே நாளில் போய்விடும் என்ற பயத்தினால், விழாமலிருப்பதற்காக இல்லாத பணத்தைக் கொட்டி ஆட்டக்காரர்களை வாங்குகிறார்கள். வாங்கிய கடனை அடைக்க மறுபடியும் ஜெயிக்க வேண்டியிருக்கிறது. பயத்தில் ஆடுகிறவன் பந்தை வீசாமல் உதைத்து ஓட்டுகிறான். பதினெட்டு வயதுப் பையனை இறக்கிப் பார்ப்போம் என்று எந்தப் பயிற்சியாளனும் துணிவதில்லை. இந்த வாதத்தில் சாரம் இருக்கிறது. தகுதிக்கு மிஞ்சி ஏறியவனுக்கு என்ன நேரும் என்பதற்கும் அங்கே சாட்சியம் உண்டு: லண்டன் வெல்ஷ் என்ற பழைய கழகம் மேல் லீக்குக்கு ஏறி, 2014-15 பருவத்தில் ஆடிய 22 ஆட்டங்களிலும் தோற்று, இறங்கி, இரண்டே வருஷத்தில் தொழில்முறைக் கழகம் என்ற நிலையிலேயே இல்லாமற் போயிற்று.

ஆனால் அதே தேசத்தின் எதிர்ச் சாட்சியத்தையும் கேட்க வேண்டும். எக்ஸிடர் என்ற சிறு நகரத்துக் கழகம் 2010-இல்தான் முதன்முதலாக மேல் லீக்குக்கு ஏறியது; 2017-இல் அந்த லீக்கை வென்றது; 2020-இல் இங்கிலாந்தின் கோப்பையையும் ஐரோப்பாவின் கோப்பையையும் ஒரே பருவத்தில் வென்றது. பிரான்சில் லா ரொஷேல் 2014-இல் ஏறி, 2022-இலும் 2023-இலும் ஐரோப்பியச் சாம்பியனாயிற்று. 2009-இல் கதவைச் சாத்தியிருந்தால் இந்த இரண்டு பெயர்களையும் இன்றைக்கு யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். இப்படி ஒன்று நடந்திருக்கக் கூடும் என்பதே தெரிந்திராது. மூடிய கதவின் நஷ்டத்தைக் கணக்கெழுத முடியாமற் போவது இதனால்தான். வாஸ்ப்ஸின் கடன் ரூபாய் அணா பைசாவில் தெரிகிறது. பிறக்காத எக்ஸிடரின் மதிப்பு எந்தப் பேரேட்டிலும் வருவதில்லை.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஊதிய வரம்பை மீறிய குற்றத்துக்காக 2020-இல் சரசன்ஸ் கழகம் இறக்கப்பட்டதற்குப் பிறகு, ஆட்டத்தில் தோற்றுக் கடைசியாக நின்றதற்காக எந்தக் கழகமும் அந்த லீக்கிலிருந்து இறங்கவில்லை. நியூகாசில் 2023-24 பருவத்தில் ஆடிய 18 ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த பருவத்திலும் அதே லீக்கில், அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கீழே ஈலிங் என்ற கழகம் இரண்டாம் பிரிவை 2022-இல் வென்றும், அதன் மைதானத்தில் பத்தாயிரத்துச் சொச்சம் பேர் அமர இடமில்லை என்று திருப்பியனுப்பப்பட்டது. மறு வருஷம் அந்தப் பிரிவை வென்ற ஜெர்சி கழகம், வென்ற சில மாதங்களிலேயே, 2023 செப்டம்பரில், கடையைக் கட்டியது. ஆகவே இறக்கத்தின் பயம் மட்டுந்தான் கழகங்களைக் கொல்லுகிறது என்று சொல்லுவதற்கில்லை. வாஸ்ப்ஸும் ஊஸ்டரும் லண்டன் ஐரிஷும் மூழ்கிய வருஷங்களில் அங்கே இறக்கமே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது என்பதை இறக்கத்தின்மேல் பழி போடுகிறவர்கள் சற்று வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நியூகாசிலை 2025-இல் ரெட் புல் நிறுவனம் வாங்கிற்று. விழமாட்டோம் என்ற நிச்சயம் பணக்காரனை வரவழைக்கிறது என்பதற்கு இது அத்தாட்சி என்கிறார்கள். இருக்கட்டும், ஆனால் அந்த நிச்சயத்தை அவனுக்கு இலவசமாகக் கொடுத்தவர்கள் பதிலுக்கு என்ன கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் தேசியக் கால்பந்து லீக் 1996-இல் தொடங்கி, 2007-இல் ஐ-லீக் என்று பெயர் மாறியது. இரண்டாம் பிரிவு, ஏற்றம், இறக்கம் எல்லாம் அதற்கு உண்டு. 2010 டிசம்பரில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் தன் வர்த்தக உரிமைகளைப் பதினைந்து ஆண்டுகளுக்கு ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி.யும் சேர்ந்த கூட்டாளிகளிடம் எழுதிக் கொடுத்ததன் விளைவாக, 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் உதயமாயிற்று. நடிகர்களும் கிரிக்கெட் வீரர்களும் தொழிலதிபர்களும் எட்டு நகரங்களின் பெயரில் உரிமை வாங்கினார்கள். சென்னையின் பங்குக்குச் சென்னையின் எஃப்.சி. கிடைத்தது. அந்தப் பெயரே ஒரு சிலேடைதான்; சென்னையினுடையது என்றும் படிக்கலாம், ஆங்கிலத்துக்காரன் ஊர்ப்பெயரோடு ஒட்டு வைப்பதுபோலவும் படிக்கலாம். ஆண்டுக்காண்டு கோடிக்கணக்கில் உரிமைக் கட்டணம் செலுத்துகிறவர்களை இறக்கிவிடுவதாவது என்று இந்த லீக்குக்கு இறக்கமே வைக்கவில்லை. ஆக, ஒரே தேசத்தில் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு லீக்குகள். ஒன்று படியுள்ளது, ஒன்று படியற்றது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அப்போது பாலமும் இல்லை. நம் காலத்தில் இதைவிடச் சுத்தமான பரீட்சையை யாரும் ஏற்பாடு செய்திருக்க முடியாது.

பரீட்சையின் முடிவு என்ன? படியுள்ள லீக்கில் 2017-இல் மிசோரத்தின் ஐஸ்வால், 2018-இல் பஞ்சாபின் மினர்வா, 2019-இல் தமிழ்நாட்டின் சென்னை சிட்டி என்று, கல்கத்தாவின் பெரிய வீடுகளைத் தள்ளிவிட்டு, தொடர்ந்து மூன்று எளிய கழகங்கள் பட்டம் வென்றன. மூன்றில் ஒன்றுக்கும் அப்போது மேல் லீக்கில் இடம் கிடைக்கவில்லை.

சென்னை சிட்டியின் கதையைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். பெயரில் சென்னை இருந்தாலும் அது ஆடியது கோயம்புத்தூரில். 2019 மார்ச் 9-ஆம் தேதி, பருவத்தின் கடைசி நாள், கோவை நேரு விளையாட்டரங்கில் முந்தைய சாம்பியனான மினர்வாவோடு ஆட்டம். ஜெயித்தால் பட்டம், வழுக்கினால், கோழிக்கோட்டில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் அதை எடுத்துக்கொண்டு போய்விடும். ஆட்டம் தொடங்கிச் சில நிமிஷங்களுக்குள்ளேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரையில் அந்த ஒரு கோல் கோவையின் நெஞ்சில் கல்லாகக் கிடந்திருக்கும். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். பின்பு, தடுப்பாட்டக்காரரான கௌரவ் போரா இரண்டு கோல் போட்டார். மூன்றுக்கு ஒன்று. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் சென்னை சிட்டிக்கு 43 புள்ளி, அதற்கு 42. அந்தப் பருவத்தில் மான்சி போட்ட கோல்கள் 21. சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ், ஸ்பெயினிலிருந்து வந்த சிலரையும் பெயர் தெரியாத நம் ஊர்ப் பையன்கள் பலரையும் ஒரே அச்சில் வார்த்துக் காட்டியிருந்தார்.

அதே பருவத்தில், அதே தமிழ்நாட்டில், மற்றொரு நேரு விளையாட்டரங்கில் நடந்தது என்ன? முந்தைய வருஷம் சூப்பர் லீக்கின் சாம்பியனாயிருந்த சென்னையின் எஃப்.சி. 18 ஆட்டங்களில் இரண்டே இரண்டில் வென்று, ஒன்பது புள்ளியோடு, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. ஒரு மாநிலத்தின் ஒரு கழகம் கீழ் லீக்கின் தலையிலும், மற்றொரு கழகம் மேல் லீக்கின் காலடியிலும் நின்ற அந்த மார்ச் மாதத்தில், ஏற்ற இறக்கம் என்ற ஏற்பாடு இருந்திருந்தால், இரண்டும் நடுவழியில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கடந்து போயிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த மாதம் புவனேஸ்வரத்தில் நடந்த சூப்பர் கோப்பையில் இரண்டு லீக்கின் அணிகளும் சந்திக்க ஒரு சந்தர்ப்பம் வாய்த்தபோது, அவ்வருஷத்துச் சூப்பர் லீக் சாம்பியனான பெங்களூருவைச் சென்னை சிட்டி 2-1 என்று வென்றது. கீழ்ப் பிரிவுக்காரர்கள் மேல் பிரிவின் தரத்துக்கு ஈடுகொடுக்க மாட்டார்கள் என்ற வாதத்துக்கு அந்த ஓர் ஆட்டம் முழு மறுப்பாகிவிடாதுதான். ஆயினும் அந்த வாதத்தைச் சொல்லுகிறவர்கள் அதற்குப் பிறகு சற்றுத் தணிந்த குரலில் சொல்லியிருக்க வேண்டும்.

பிறகு நேர்ந்ததுதான் எனக்கு மிகவும் போதனையாகத் தோன்றுகிறது. கழகம் மேலே ஏறவில்லை. ஆனால் அதன் ஆட்டக்காரர்கள் ஏறினார்கள். எட்வின் சிட்னி வன்ஸ்பால் அந்த வருஷமே சென்னையின் எஃப்.சி. அணிக்குப் போனார். ரொமாரியோ ஜேசுராஜ் மறு வருஷம் கோவா அணிக்குப் போனார். ஸ்பெயின்காரர்களும் ஒவ்வொருவராகப் பிரிந்தார்கள். தனி மனிதனுக்கு நல்லதுதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மரத்துக்கு உரிமை கொடுக்காமல் கனியை மட்டும் பறித்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், தோட்டக்காரனுக்கு அடுத்த வருஷம் தண்ணீர் பாய்ச்ச என்ன முகாந்திரம் இருக்கிறது? சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் சென்னை சிட்டியில் 26 சதவீதப் பங்கு வாங்கியதுகூட அதைக் காப்பாற்றவில்லை. 2021-22 பருவத்து ஐ-லீக் அட்டவணையில் சென்னை சிட்டியின் பெயரே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்த் தரப்பையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசியாக நின்ற சென்னையின் எஃப்.சி., இறக்கமின்மையால் பிழைத்து, அடுத்த பருவத்தில், ஓவன் காய்ல் நடுவில் வந்து பயிற்சிப் பொறுப்பை ஏற்ற பின்பு, இறுதி ஆட்டம் வரையில் போயிற்று. மூன்று பருவம் அடிமட்டத்தில் கிடந்த தமிழ் தலைவாஸ் 2022-இல் அரையிறுதியைத் தொட்டது; அந்தச் சாயங்காலம் எங்கள் டீக்கடையில் நின்றவர்களுக்கு இடமில்லாமல் சாலை வரையில் கூட்டம். இறக்கியிருந்தால் இரண்டும் இல்லை. ஒரு வருஷத்துத் தோல்விக்காக ஆயுள் முழுவதும் தண்டிப்பது குரூரம் என்ற வாதம் உணர்ச்சியை மட்டும் நம்பி நிற்பதன்று. நிகழ்ந்ததைக் காட்டி நிற்கிறது.

படியுள்ள லீக்கின் பக்தர்கள் மற்றொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்கள் வாய் ஓயாமல் சொல்லும் ஐஸ்வாலின் அற்புதம் இருக்கிறதே, அது சுத்தமான ஏற்ற இறக்கத்தில் விளைந்த அற்புதமன்று. 2015-16 பருவ முடிவில் ஐஸ்வால் இறக்கப்பட்டுவிட்டது. சூப்பர் லீக்கே இனித் தலைமை லீக் என்ற திட்டத்தை எதிர்த்துச் சல்கோகர், ஸ்போர்ட்டிங், டெம்போ ஆகிய கோவாக் கழகங்கள் விலகிக்கொள்ள, காலியான இடத்தை நிரப்புவதற்காகத்தான் ஐஸ்வாலை மறுபடியும் உள்ளே அழைத்தார்கள். அப்படி மன்னிக்கப்பட்ட கழகம் பயிற்சியாளர் காலித் ஜமீலின் கீழ் மறு பருவமே, மோகன் பகானைவிட ஒரே ஒரு புள்ளி அதிகம் பெற்று, தேசத்தின் சாம்பியனாயிற்று. இந்த நிகழ்ச்சியை எந்தக் கட்சியின் கணக்கில் எழுதுவது? விழுந்தவனைத் தள்ளியிருந்தால் சாம்பியன் இல்லை. ஆகவே இறக்கம் தவறு. முன்பு கீழேயிருந்து அவன் ஏற வழியில்லாமலிருந்தால் விழவே வந்திருக்க மாட்டான்; ஆகவே ஏற்றம் சரி. நான் இரண்டையும் ஒரே மூச்சில் ஒப்புக்கொள்ளுகிறேன். நம் தேசத்தில் இறக்கம் என்பது தீர்ப்பாக இருந்ததைவிடக் கருணை மனுவுக்கு இடம் வைத்த தீர்ப்பாகவே இருந்து வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சர்ச்சில் பிரதர்ஸ் கழகமும் 2018-இல் இப்படித்தான் மீட்கப்பட்டது.

கிரிக்கெட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் ஒன்று உண்டு. அது நமக்கு வலித்த உதாரணம். ரஞ்சிக் கோப்பையில் எலைட், பிளேட் என்று இரண்டு பிரிவாக்கி, கீழ்ப் பிரிவின் முதலிடக்காரர்களுக்கும் நாக்-அவுட்டில் இடம் வைத்திருந்த காலம். 2010 நவம்பரில் கீழ்ப் பிரிவிலிருந்த ராஜஸ்தான், ஜெய்ப்பூரில் ஹைதராபாத்தை 21 ரன்னுக்குச் சுருட்டியது. தீபக் சாஹர் என்ற புதுப் பையன் பத்து ரன் கொடுத்து எட்டு விக்கெட் எடுத்தான். அந்தப் பருவத்துக் கோப்பை ராஜஸ்தானுக்கு. பிளேட் பிரிவிலிருந்து வந்து ரஞ்சியை வென்றவர்கள் அதற்கு முன் யாருமில்லை. தற்செயல் என்று சொல்லி ஆறுதலடைந்தவர்கள் மறு வருஷம் சேப்பாக்கத்துக்கு வந்து பார்த்தார்கள்: 2012 ஜனவரியில் இறுதி ஆட்டத்தில், நம் சொந்தத் திடலில், ராஜஸ்தான் 621 ரன் குவித்து, தமிழ்நாட்டை 295-க்கு முடித்து, கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது. வினீத் சக்சேனா இரண்டு நாளுக்கு மேல் மட்டையோடு நின்று 257 ரன் எடுத்த அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள், திறந்த கதவைப் புகழுகிறபோதெல்லாம் சற்றுப் பெருமூச்சோடுதான் புகழ வேண்டியிருக்கிறது.

இனி, யார் உள்ளே வரலாம் என்பதை ஆட்டம் தீர்மானிக்க வேண்டாம், அளவுகோல் தீர்மானிக்கட்டும் என்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மைதானத்தில் இத்தனை இருக்கை, வங்கியில் இத்தனை பணம், இளைஞர் அணி இத்தனை, அலுவலகத்தில் இத்தனை பேர் என்று லைசென்ஸ் விதி எழுதுகிறார்கள். இதைப் படிக்கிறபோது, ஆற்றைக் கடந்து தெற்கே போனால் கிடைக்கும் உத்திரமேரூர் எனக்கு நினைவுக்கு வராமலிருப்பதில்லை. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டிய சாசனங்கள், சபையின் வாரியங்களுக்கு யார் வரலாம் என்பதை எவ்வளவு நுணுக்கமாக வரையறுக்கின்றன! கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். தன் மனையிலே கட்டிய வீடு வேண்டும். முப்பத்தைந்து வயதுக்குமேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். இதன் பிறகுதான் குடவோலை. ஒன்றுமறியாத சிறுவனைக்கொண்டு ஓலையை எடுக்கச் செய்வதும் அதன் பிறகுதான். நம் ஊர்ப் பெருமைக்காக இதை முழு ஜனநாயகமென்று மேடைகளில் முழங்குகிறவர்கள், நிலமும் வேதமும் இல்லாதவனுடைய ஓலை அந்தக் குடத்துக்குள் விழவே விழாது என்பதைச் சொல்லுவதில்லை. அளவுகோல் வைத்த லீக்கும் அப்படியே. ஈலிங்குக்கு ஆட்டம் இருந்தது, இருக்கை இல்லை. நிலமே இல்லாத பண்டிதனைப்போல வாசலில் நின்றது.

ஆனாலும் அந்தச் சாசனத்தில், இன்றைய லீக்கை நடத்துகிறவர்கள் படிக்காமல் விட்ட இரண்டு விதிகள் உண்டு. வாரியத்தில் ஒரு முறை இருந்தவன் அடுத்த மூன்று ஆண்டு மறுபடியும் வரக்கூடாது என்பது ஒன்று. இருந்து கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் பிறகு எக்காலத்தும் வரக்கூடாது என்பது மற்றொன்று. நுழைகிறவனுக்குச் சொத்துத் தகுதி வைத்த அதே சபை, உள்ளே இருக்கிறவனுக்குக் காலமும் கணக்கும் வைத்தது. இக்காலத்து உரிமை லீக்குகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் பாதியைக் கல்லிலேயே விட்டுவிட்டன. வாசலில் நின்றவனிடம் பத்தாயிரம் இருக்கை கேட்டவர்கள், உள்ளே 18-க்கு 18 தோற்றவனிடம் ஒன்றும் கேட்கவில்லை.

ஆகவே என் முடிவு இப்படிப் போகிறது. வருஷந்தோறும் கடைசிக் கழகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இறக்கும் பழைய வழக்கத்தை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பணம் கொழிக்கும் இங்கிலாந்துக் கால்பந்துக்கு அது தாங்கும், ரக்பிக்கும் நம் நாட்டுக் கால்பந்துக்கும் தாங்காமற் போகலாம். மூன்று பருவத்தின் புள்ளிகளைச் சேர்த்துப் பார்த்து இறக்கலாம். கடைசிக் கழகமும் கீழ்ப் பிரிவின் முதற் கழகமும் நேருக்கு நேர் இரண்டு ஆட்டம் ஆடட்டும் என்று வைக்கலாம். இறங்குகிறவனுக்கு இரண்டு வருஷத்துக்குப் பணத்தில் ஒரு பங்கு கொடுத்து மெத்தை விரிக்கலாம். இறக்கத்தின் கொடுமையைக் குறைக்க வழிகள் பல. ஏற்றத்தை எடுத்துவிடுவதற்கு மட்டும் எந்த நியாயமும் எனக்கு அகப்படவில்லை. இறக்காமலே ஏற்றிக்கொண்டு போனால் ஒரு நாள் லீக் நிரம்பிவிடுமே என்று கேட்பார்கள். நிரம்பும், நிரம்பிய அன்றைக்கு இறக்கம் தானாகவே திரும்பி வரும், அதைத் தள்ளிப்போடத்தான் முடியும். நிரம்புகிற வரையிலாவது கதவு திறந்திருக்கட்டும் என்றால், நிரம்பிவிடுமோ என்று பயந்து முன்கூட்டியே தாழ்ப்பாள் போடுகிறவர்களின் பயம் ஆட்டத்தைப் பற்றிய பயமாக எனக்குத் தோன்றவில்லை. வாங்கிய உரிமையின் விலை இறங்கிவிடுமோ என்ற பயமாகத்தான் தோன்றுகிறது.

சென்னைக் கிரிக்கெட் லீக்கைப் பாருங்கள். அங்கே டிவிஷன் டிவிஷனாக அடுக்கி வைத்து, வருஷந்தோறும் ஏற்றியும் இறக்கியும் நடத்துகிறார்கள். கடைசி வாரங்களில் விழும் நிலையிலுள்ள கழகங்களின் பதற்றமும், வெளியூர் ஆட்டக்காரரைக் கூலிக்கு இறக்கிப் பிழைக்கப் பார்க்கும் சாமர்த்தியமும் அங்கேயும் உண்டு, குறையில்லாத ஏற்பாடன்று. ஆனால் கீழ் டிவிஷனில் வெயிலில் காய்ந்துகொண்டு ஆடுகிற கழகத்தின் காரியதரிசிக்குத் தன் கழகம் என்றைக்கோ ஒரு நாள் முதல் டிவிஷனில் ஆடக்கூடும் என்ற எண்ணம் சட்டப்படி உரியது. 2016-இல் வந்த தமிழ்நாடு பிரீமியர் லீக்கைப் பார்த்து அவர் அப்படி எண்ண முடியாது. அங்கே எட்டு உரிமைகள், எட்டும் விற்றாயிற்று. பிரீமியர் லீக்கினால் நம் பையன்கள் பலருக்கு வெளிச்சம் கிடைத்தது என்பதை மறுக்கவில்லை. அந்தப் பையன்களைச் செய்து அனுப்பியது எந்த அடுக்கு என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

இந்தியக் கால்பந்துக்கும் ஒரு மருந்து எழுதப்படாமலில்லை. 2019 அக்டோபரில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பு எல்லோரையும் கோலாலம்பூரில் உட்கார வைத்து ஒரு திட்டம் வகுத்தது: 2022-23 பருவத்து ஐ-லீக் சாம்பியனும் அதற்கடுத்த பருவத்துச் சாம்பியனும் உரிமைக் கட்டணமின்றி மேலே ஏறலாம், அதுவரையில் யாரும் இறங்க வேண்டியதில்லை, 2024-25 பருவத்திலிருந்து ஏற்றமும் இறக்கமும் முழுமையாக நடைமுறைக்கு வரும். முதற் பாதி நிறைவேறிற்று. மினர்வாவின் வழிவந்த பஞ்சாப் கழகம் 2023-இலும், கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் 2024-இலும் ஏறின. சென்னை சிட்டிக்கு மட்டும் அந்தத் திட்டம் சில வருஷம் தாமதித்து வந்தது.

2024-25 பருவத்தில் சூப்பர் லீக்கின் பதின்மூன்று அணிகளில் முகமதன் ஸ்போர்ட்டிங் பதின்மூன்றாவதாக முடித்தது. யாரும் இறக்கப்படவில்லை.